வெறும் பானைக்கு ஜாமீன்

ஜவ்வாது மலையில் நான் பதினோரு மாதம் இருந்தேன். வேறு எந்த ஊரிலும் அவ்வளவு நாள் தங்கியதில்லை. இங்கேயும் பிடித்துப்போய்த் தங்கவில்லை. போக முடியவில்லை, இருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தாறோ இருபத்தேழோ வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்து, ஏழாவதின் பாதியில் ஓடிவந்தவன். அதன்பிறகு தோல் கிடங்கு, ரயில் பாதை, காப்பித் தோட்டம் என்று எங்கும் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஆலங்காயம் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கல்லூரி வாத்தியார் மலைக்கு ஆள் தேடினார். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், பாரமும் தூக்க வேண்டும் என்றார். அந்தச் சந்தையில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் தேடியது புதையல் இல்லை. மலைமேல் ஓர் ஊருக்கு வெளியே, பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பழைய கல்வீடுகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கக் கல்லில் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டமான துளை. ஊரார் அவற்றைக் குள்ளர் வீடு என்றார்கள். முழங்கால் உயர மனிதர்கள் அங்கே குடித்தனம் நடத்தினார்களாம். வாத்தியாரோ, அதெல்லாம் இல்லை, செத்தவர்களுக்காக இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவர்கள் கட்டியது என்றார். அந்த முந்தியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"எலும்பு, பல்லு பார்த்தா தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

"இந்த மலை மண் எலும்பைத் தின்றுவிடும். பூந்தூளை மட்டும் அதால் தின்ன முடியாது" என்றார். ஒரு பூவின் தூளில் ஒவ்வொரு துகளுக்கும் ஓடு உண்டு. ஒவ்வொரு செடிக்கும் அந்த ஓடு வேறு மாதிரி. பானையின் அடியில் ஒட்டிய மண்ணைக் காரத்தில் கொதிக்கவைத்து வடிகட்டி, கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால் எந்தச் செடியைச் சமைத்தார்கள் என்று ஓரளவு சொல்லலாம். மலை ஏறும்போதே இதையெல்லாம் சொன்னார். எனக்கு மூச்சு வாங்கியது, பாதிதான் கேட்டேன்.

கல்வீட்டைத் திறக்க ஊர்க் கவுண்டரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் வயல் வரப்பில் நின்றபடியே பதில் சொன்னார்.

"தொறந்துக்கங்க. ஆனா விதப்பு நேரத்துல தொறக்கறீங்க. மழ நின்னுடுச்சின்னா யாரக் கேக்கறது? ஒரு ஆளு ஜாமீன் இருக்கணும். புதுச் சாமை பொங்கற வரிக்கும்."

"ஜாமீன் என்றால்?"

"எல்லைக் கல்லத் தாண்டக் கூடாது. சோறு ஊரு போடும். மொறவெச்சி."

வாத்தியாருக்குக் கல்லூரி திறக்க நாள் நெருங்கிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டரும் என்னைப் பார்த்தார். ஆனி மாதம் அது. கார்த்திகை கடைசியில்தான் சாமை அறுப்பு. "ஆறு மாசம்தானே" என்றார் வாத்தியார். அந்த ஆறு மாதத்தில் அந்த மலையில் பூக்கும் செடிகளின் பூவையெல்லாம் சேகரித்து அனுப்பும் வேலையும் எனக்கே என்றார். பழைய தூளை அடையாளம் காண, பக்கத்தில் வைத்துப் பார்க்கப் புதிய தூள் வேண்டுமாம். நான் சரி என்று சொன்னதாக நினைவில்லை. இல்லை என்று சொல்லவில்லை.

மூன்று நாள் வேலையில் ஒரு பானை கிடைத்தது. கறுப்பும் சிவப்புமான பானை. உள்ளே அடியில் நான்கு விரல் கனத்துக்கு மண் இறுகியிருந்தது. "இதுக்குள்ளே யாரும் கைவிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கட்டுவதற்கு வைக்கோல் கொண்டுவர வாத்தியார் ஊருக்குள் போனார். நான் பானையைத் துளை வழியாக மெதுவாக வெளியே தள்ளினேன். அந்தப் பக்கம் ஏந்தி வாங்கியது கவுண்டரின் சம்சாரம். ஊர்ப் பெண்கள் நான்கைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர் பானையைத் தரையில் வைத்து, கொண்டையில் செருகியிருந்த பெரிய மஞ்சள் பூவை எடுத்து உள்ளே போட்டுவிட்டுப் போனார். பரங்கிப் பூ. கோடை மழைக்குக் கொல்லையில் படர்ந்த கொடியின் முதல் பூவாக இருக்கும்.

வாத்தியார் பார்த்தால் சத்தம் போடுவாரே என்று நான் அதை இரண்டு விரலால் எடுத்து எறிந்துவிட்டுப் பானையின் வாயைத் துணியால் கட்டினேன். பூவை எடுத்துவிட்டால் பூ போய்விட்டது என்று நினைத்தேன்.

பானை காவடியில் ஆலங்காயம் இறங்கி, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வாணியம்பாடி போய், ரயிலேறியது. வாத்தியாரும் போனார்.

அதன்பிறகு என் பிழைப்பு பூ பறிப்பது. பத்திரிகைக் காகிதத்தில் பொட்டலம் மடித்து, பூவின் நடுவில் தூள் ஒட்டியிருக்கிற காம்புகளை அதில் உதிர்த்து, ஊரார் சொல்லும் பெயர், இடம், தேதி மூன்றையும் மேலே எழுத வேண்டும். ஒரு பூவைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. நான் சுரைக்குடுவையில் தண்ணீரோடு அலைவதும் செடிக்குச் செடி கை கழுவுவதும் ஊருக்குப் பெரிய விளையாட்டு.

"ஜாமீன் கை கழுவறாரு. கடுக்காப் பூவு இன்னா சாதின்னு தெரியல போல."

"செத்தவன் இன்னா துன்னான்னு தெரிஞ்சி அந்த மண்ணு வாத்தியாரு இன்னா பண்ணப் போறாரு நைனா? அவனுக்கு இல போடப் போறாரா?"

எனக்குப் பெயரே ஜாமீன் ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் சோறு. கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு, சில வீட்டில் கீரை மட்டும். போடுகிறவர்கள் முகம் சுளித்ததில்லை. ஆனால் சாப்பிடும்போது எல்லோரும் வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஆடியில் இருபது நாள் மழை இல்லை. விதைத்த சாமை முளைத்து அப்படியே நின்றது. அந்த இருபது நாளும் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விளையாட்டுப் பேச்சும் நின்றது. அதுதான் தாங்கவில்லை.

ஒரு காலையில் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தடுக்க யாரும் இல்லை. ஆலங்காயம் போகும் தடத்தில், மலையில் நாடு என்று சொல்கிற இரண்டு ஊர்த்தொகுதிக்கும் எல்லையாக நட்ட கல் ஒன்று உண்டு, இடுப்பளவு உயரம். அதன் பக்கத்தில் ஒருவர் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். என்னையும் மூட்டையையும் பார்த்தார்.

"போறியா?"

"போறேன்."

"போ. தடம் ஈரமில்ல, வழுக்காது" என்று சொல்லி மறுபடி வெட்டினார். நான் கல்லைத் தாண்டி நான்கடி வைத்தபின் சொன்னார்: "கவுண்டருக்குத்தான் பேஜாரு."

நின்றேன். "ஏன்?"

"ஜாமீன் ஓடிப்போய்ட்டா ஜாமீன் கேட்டவரு ஒக்காரணும் இல்ல. ஒரு வருசம் ஏர் தொடக் கூடாது, சந்தைக்குப் போவக் கூடாது. அவருக்குப் பையன் இல்ல. ஏரு யாரு ஓட்டுவாங்க? அந்தம்மாதான் ஓட்டணும்." மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டார். "உன்ன எதுக்கு நாங்க கட்டிப்போடல? அதான்."

நான் பல இடங்களிலிருந்து ஓடியவன். பூட்டிய கதவைத் தாண்டியதும் உண்டு. பூட்டாத இந்தக் கல்லைத்தான் தாண்ட முடியவில்லை. அந்த நான்கடியைத் திரும்பி வைத்தேன். அன்றைய முறை கவுண்டர் வீடு. அவர் மூட்டையைப் பார்த்துவிட்டு, களியை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் கழித்து மழை வந்தது.

புரட்டாசியில் வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. சந்தைக்குப் போன ஒருவர் வேட்டி முடிச்சில் கொண்டுவந்தார். வாத்தியார் எனக்குப் புரியும்படியே எழுதியிருந்தார். பானை மண்ணில் புல் இனத்துத் தூள் நிறைய இருக்கிறது. அது சாமையா, காட்டுப் புல்லா என்று அவரால் சொல்ல முடியவில்லை, இன்று யாராலும் முடியாது. ஆனால் மற்றதைவிடப் பல மடங்கு பெரிதாக, உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு தூள் இருக்கிறது. நான் அனுப்பிய பரங்கிப் பூப் பொட்டலத்தோடு வைத்துப் பார்த்தார், அதேதான். பரங்கி நம் தேசத்துச் செடி இல்லை. சில நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தது. எனவே பானை பழையதில்லை. அல்லது யாரோ உள்ளே போட்டிருக்கிறார்கள். "இந்தத் தூள் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்றில் பறந்து வராது. ஒரு கை கொண்டுவந்திருக்க வேண்டும். யாருடைய கை என்று தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் பானையை ஒதுக்கிவிட்டு இந்த மலையை விட்டுவிடுகிறேன்."

கடிதத்தைப் படித்துவிட்டுக் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் முற்றத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னைக்குப் பானையில பூப் போட்டீங்களே, அது எதுக்கு?"

"இன்னாத்துக்கா? வெறும் பானை வூட்ட வுட்டுப் போவலாமா? குள்ளன் வூடுன்னா வூடு இல்லியா? ஒரு பிடி சாமை போடலாம்னா, விதப்புக்கே பத்தல. கைக்கு ஆப்ட்டது அந்தப் பூவுதான்." முறத்தை நிறுத்தினார். "பூவு பத்தரமா போய்ச் சேந்துதா?"

நான் இங்கே பொய் சொல்லியிருக்கலாம். யோசிக்கவே இல்லை. "அத அப்பவே எடுத்துப் போட்டுட்டேனே" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "எடுத்துப் போட்டியா? அப்ப பானை வெறும் பானையாத்தான் போச்சா?"

சாயந்தரத்துக்குள் ஊர் கூடிவிட்டது. என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருவர், ஆடியில் மழை ஏன் நின்றது என்று இப்போது தெரிகிறதா என்றார். இன்னொருவர், பிறகு வந்ததே, அது எதனால் என்றார். அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. கடைசியில் கவுண்டர் சொன்னார்:

"வெறும் பானை போனது போனதுதான். அது திரும்பி வரணும். வந்து, நெரப்பி, இருந்த எடத்துல வெக்கணும். அது வரிக்கும் ஜாமீன் ஜாமீன்தான். புதுசு பொங்கினாலும் சரி."

இதை நான் அன்று எத்தனை முறை மனதில் போட்டுப் புரட்டினேன் என்று சொல்ல முடியாது. வாத்தியாருக்குப் பூவைப் போட்டது குற்றம். ஊருக்குப் பூவை எடுத்தது குற்றம். போட்டவர் ஒருவர், எடுத்தவன் நான், நடுவில் உட்கார்ந்திருப்பதும் நான். பானை வந்தால்தான் நான் போகலாம். பானை எப்போது வரும்? அதற்கு மதிப்பில்லை என்று வாத்தியார் நம்பினால் நாளைக்கே வரும். எனக்கு ஒன்றும் தெரியாது, பானை ஊருக்கு வேண்டுமாம், அனுப்பிவிடுங்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். உண்மையை எழுதினால் பானை மறுபடி பழைய பானை ஆகிவிடும். பழைய பானையை யார் திருப்பித் தருவார்கள்?

இரண்டு வரியைத்தான் எழுதினேன். அடுத்த சந்தை நாளில் கடிதத்தை உப்புக்குப் போகிறவரிடம் கொடுத்தேன். அவர் காது சரியாகக் கேட்காதவர். கொடுத்துவிட்டு, என் பொட்டலங்களை அடுக்கப் போனேன். நூற்றுச் சொச்சம் இருந்தன. சாமை, தினை, துவரை, வேங்கை, நெல்லி, ஈச்சை. ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையெழுத்துக்கு அடிதான் வாங்கியிருக்கிறேன். பானை பொய் என்றால் இதுவும் குப்பை. எந்த வேலையையும் பாதிக்கு மேல் செய்யாதவன், இதில் மட்டும் பாதியைத் தாண்டியிருந்தேன்.

எழுந்து ஓடினேன். எல்லைக் கல் வரும்போது உப்புக்காரர் கல்லைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம் இறங்கிவிட்டார். நான் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினேன்.

"அண்ணே! திரும்பி வாங்க!"

"இன்னா? பொகையிலையா?"

"கடுதாசி! கடுதாசி!"

"வாங்கியாறேன், வாங்கியாறேன்! எவ்ளோ?"

"வாங்க வேணாம், குடுங்க!"

"நீ வாய்யா இங்க!"

"நான் வரக் கூடாது!"

அது மட்டும் அவருக்குக் கேட்டது. நின்று, திட்டிக்கொண்டே மேலே ஏறிவந்தார். "ஜாமீன் வுட்ட ஜாமீனு. ஒரு உப்பு வாங்கப் போறவன நாலு தபா மலை ஏத்துது" என்றார். கடிதத்தை வாங்கி, அதே தாளின் பின்பக்கத்தில், கல்லின் தலையில் வைத்தே எழுதினேன். கவுண்டரின் சம்சாரம் வழக்கப்படி பூப் போட்டார். நான் எடுத்து எறிந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பானை பழையது. பானை திரும்பி வந்து நிரப்பிவைத்தால்தான் என்னை விடுவார்கள். இவ்வளவுதான். முன்பக்கத்து இரண்டு வரியை அடித்தேன். ஆனால் படிக்க முடியும்படிதான் அடிபட்டிருந்தது. அப்படியே போகட்டும் என்று கொடுத்தேன்.

ஐப்பசியில் பதில் வந்தது. ஊர் கூடி, என்னையே படிக்கச் சொன்னார்கள். அங்கே வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் நான் படிப்பதுதான் அவர்களுக்குக் கடிதம். அதை நினைத்துக்கொண்டேதான் பிரித்தேன்.

வாத்தியார் கோபப்படவில்லை. பூ மேல் மண்ணைத்தான் தொட்டிருக்கும். அடி மண் சுத்தமாக இருக்கும். பானையின் அடியை அறுத்து, பக்கவாட்டிலிருந்து அந்த மண்ணை எடுக்கப் போவதாக எழுதியிருந்தார். அதற்கு வேண்டிய ஒரு திராவகம் சீமையிலிருந்து வர வேண்டும். யுத்தத்தால் கப்பல் வரவில்லை. வந்ததும் வேலையை முடித்துப் பானையைத் தானே கொண்டுவருவார். "அதுவரை பொறுத்திரு."

உள்ளது உள்ளபடி படித்தேன்.

"கப்பலு எப்ப வருமாம்?" என்றார் கவுண்டர்.

"எழுதலைங்க."

"அப்ப இரு" என்றார்.

கார்த்திகை கடைசியில் சாமை அறுத்தார்கள். நல்ல விளைச்சல். புதுசு பொங்கினார்கள். நான் போயிருக்க வேண்டிய நாள் அது. எனக்கும் இலை போட்டார்கள், வெல்லம் போட்டார்கள், சாப்பிட்டேன். மறுநாள் பூப் பறிக்கப் போனேன். தை, மாசி, பங்குனி. மரங்கள் மொட்டையானதும் மலையிலிருந்து கீழே வெகுதூரம் தெரிந்தது. போளூர்ப் பக்கம் ரயில் புகை தெரிவதாக ஒருவர் காட்டினார். எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன்.

வைகாசியில் வாத்தியார் வந்தார். பானை வைக்கோல் பெட்டியில் இருந்தது. அடியை அறுத்து, மறுபடி பசைபோட்டு ஒட்டியிருந்தார். அடி மண்ணில் பரங்கி ஒரு துகள் கூட இல்லை. இலுப்பைப் பூவின் தூள் குவியலாக இருந்ததாம். அதுவும் காற்றில் பறக்காத தூள். பூவை அள்ளிப் போட்டு வேகவைத்திருக்கிறார்கள் என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை ஊருக்கும் சொன்னார்.

கவுண்டரின் சம்சாரத்துக்கு முகம் வாடிவிட்டது. "இலுப்பப் பூவா? பஞ்சத்துலதான அத வேவிச்சித் துன்னுவாங்க. பாவம், அவங்களுக்கும் பஞ்சமா?" என்றார்.

வாத்தியார் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பானையில் சாமை நிரப்பினார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு பொத்தல். சாமை மெல்லிய கோடாக ஒழுகியது. ஒழுகுகிற பானை நிறைந்த பானையா என்று ஒரு வாதம் கிளம்பியது. அந்தம்மா வெற்றிலை எடுத்துவரச் சொல்லி, மடித்து, சுண்ணாம்போடு பொத்தலில் அப்பினார். ஒழுகல் நின்றது. திறந்தவன்தான் வைக்க வேண்டும் என்றார்கள். துளை வழியாகத் தவழ்ந்து உள்ளே போய், பானையை வாங்கி, பழைய பள்ளத்தில் உட்காரவைத்தேன். அவர்கள் வெளியே ஏதோ சொல்லிக் கும்பிட்டு முடியும்வரை நான் உள்ளே குனிந்தே இருக்க வேண்டியிருந்தது. நிமிர இடமில்லை. நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கவுண்டர், "ஆச்சி. போலாம்" என்றார்.

வாத்தியார் இன்னும் நான்கு நாள் தங்கப் போவதாகச் சொன்னார். அடுத்து வேறொரு மலை இருக்கிறது, கூட வருகிறாயா என்றார். அங்கேயும் ஜாமீன் கேட்பார்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பொட்டலங்களை எண்ணி அவரிடம் ஒப்படைத்தேன்.

"சாப்ட்டுப் போய்யா, கொழம்பு கொதிக்குது" என்றார் அந்தம்மா. பசி இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்தால் பொழுது சாய்ந்துவிடும். சாய்ந்தால் தடம் தெரியாது, தங்கிப் போ என்பார்கள். துணி மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.